மட்கார்டுக்கு அடியில் ஒரு கை இடம்

இன்று மதியம் நம் மகன் வண்டியை வாசலில் நிறுத்தியதும் அந்த வாசனை வந்தது. சூடான சைலன்சரில் ஒட்டிய களிமண் காய்ந்து கருகும் வாசனை. அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும், வந்துவிட்டீர்களா என்று எட்டிப் பார்க்கத்தான் தோன்றியது. இந்த வயசில் எனக்கு இது வேண்டாத வேலை.

உங்களுக்கு வண்டி வந்த சமயம் ஆட்சி மாறியிருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே பேசியது. மிராசுதார்கூடக் கரைவேட்டிக்கு மாறிவிட்டார். கூலி நெல்தான் மாறவில்லை. விவசாயக் கூலிச் சங்கம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் உங்களைப் போகச் சொன்னது. சைக்கிளாக இருந்தபோதாவது சேற்றில் தோள்மேல் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். இந்த எருமையை யார் தூக்குவது? குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்து வந்தன. வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களி அடைத்துச் சக்கரம் இறுகிவிடும். இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டும். அப்படி மதகடியில் நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் மிராசுதாரின் ஆட்கள் உங்களை அடித்தார்கள்.

“விழுந்துட்டேன் புள்ள” என்றீர்கள். விழுந்தவர் முதுகில் தடியின் தடம் எங்கிருந்து வரும்? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“சங்கத்த விடச் சொல்லல. நீங்க நிக்கிறதாலதான அடிக்கிறானுவ? அந்தச் சக்கரம் நிக்காம இருக்க வழியப் பாருங்க” என்றேன்.

மறுநாள் கொல்லையில் வண்டியைச் சாய்த்துப் போட்டோம். உடைந்த பம்புசெட் குழாயை நீங்கள் ஆக்ஸா பிளேடால் அறுக்க, நான் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டேன். அந்தத் துண்டுகளை மட்கார்டுக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் நடுவே கொடுத்து, நீளமான போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினீர்கள். மட்கார்டு உயர்ந்தது. ஆனால் போல்ட் முனைகள் கீழே நீட்டிக்கொண்டு டயரை உரசின. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

“போல்ட்ட தலகீழாப் போட்டா என்னங்க? தலை டயர் பக்கம் இருக்கட்டும், வாலு மேல போவட்டும்.”

“இவ்ளோ நேரம் ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டாத்தான?”

சிரித்தீர்கள். வீங்கிய தோளோடு சிரித்ததில் வலித்திருக்கும். முடுக்கி முடித்ததும், “உன் கைய விட்டுப் பாரு” என்றீர்கள். முன்பு விரல் நுழையாத இடத்தில் என் கை முழுசாகப் போய் வந்தது.

கூலிப் பேச்சுக்குத் தாசில்தார் வரச் சொன்ன நாளில் அடைமழை. நீங்கள் கிளம்பியதிலிருந்து எனக்கு உலை வைக்கக்கூடக் கை ஓடவில்லை. சாயங்காலம் வந்து நின்றபோது கண் இரண்டைத் தவிர உடம்பெல்லாம் சேறு. டயரிலிருந்து கழன்ற களி அத்தனையும் உங்கள் மேலேயே வந்து விழுந்திருந்தது.

“மதகுகிட்ட நின்னானுவ. கையக் காட்டுனானுவ. நான் நிக்கல புள்ள” என்றீர்கள். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க மிராசுதார் சம்மதித்த சேதியை அப்புறம்தான் சொன்னீர்கள். அது என் காதிலேயே ஏறவில்லை. வாய்க்காலில் சட்டையை அலசிக்கொண்டே அழுதேன்.

அதற்குப் பிறகும் எத்தனை அறுப்பு, எத்தனை வழக்கு, எத்தனை ஆட்சி. உள்ளதைச் சொன்னால், காத்திருந்தே நான் சலித்துப்போனேன். உங்களைக் கட்டிக்கொண்டதற்கு வருத்தப்பட்டதில்லை, ஆனால் அலுத்துவிட்டது.

ஊரில் எல்லாரும் வெளியே போகிறவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்பார்கள். நான் உங்களிடம் சொன்னதெல்லாம் ‘எங்கயும் நிக்காதீங்க’. இப்போது மகன் கிளம்பினாலும் வாயில் அதுதான் வருகிறது. “பெட்ரோல் போடக்கூட நிக்கக் கூடாதாம்மா?” என்று கிண்டல் செய்கிறான். கும்பகோணம் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மூச்சு இழுத்த அன்று மட்டும்தான், கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் நில்லுங்க” என்று கெஞ்சினேன். நீங்கள் அதுவரை நான் சொல்லி வந்ததைத்தான் கேட்டீர்கள்.