வண்டி இப்போது ஓடுகிறது, லிண்ட்சே

லிண்ட்சே,

நீ ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போன பிறகு பக்கத்துப் பண்ணை ஜாய்ஸ் வந்தாள். அவள் காரில் புரோக்கன் ஹில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நம் பழைய டீசல் வண்டியை உனக்காக விட்டுப் போகிறேன்.

நேற்று நாம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, கேட்டைத் தாண்டுவதற்குள் அது நின்றதும், "பம்ப் போச்சு. இனி எங்க போறது?" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதனால்தான் கத்திவிட்டேன்.

பம்ப் நன்றாகவே இருக்கிறது. ஃபில்டருக்கு முன்னால், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். டீசலோடு காற்றுக் குமிழிகள் வந்தன. டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தது; அதன் வழியே காற்று புகுந்துதான் வண்டி நின்றிருக்கிறது. அதை மாற்றிவிட்டு, ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றினேன். சாலை வரை போய்த் திரும்பினேன், ஒருமுறைகூட நிற்கவில்லை.

பண்ணை வேண்டாமென்று டெஸ் போனது உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் நம் பெண். நேற்று பெற்றிருப்பது நம் பேரனை.

ஃபிரிட்ஜில் ஆட்டுக்கறி இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

வெர்னா

சாவி வண்டியிலேயே இருக்கிறது. வரும்போது என் நீலக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவா.

இன்னொன்று: இப்போதுதான் டெஸ் போன் செய்தாள். "அப்பா திட்டறதுக்காகவாவது வரட்டும்மா. பையன் அச்சு அசல் அவர மாதிரியே முறைக்கிறான்!"