பெர்மனென்ட் என்று நான் எழுதிய சீட்டு

கோரமண்டல்,
கோலார் தங்க வயல்.
18.11.2025, செவ்வாய்

அன்பு மகள் டீனாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பா, உன் தம்பி எல்வின், நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் போன வாரம் நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை, அதனால் சுகமாக இருக்கும்படி உனக்குக் கட்டளை போடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. இன்று பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது என் குற்றம் இல்லை, தண்டவாளத்தின் குற்றம். சாயங்காலம் எல்வின் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான். அந்த ஸ்வீடன்காரர்களுக்கு நீ வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. இங்கே பத்து நாளாகத் தூறல் விடவில்லை, துணி காயவில்லை, அப்பா தன் பனியனை இட்லிப் பானை மூடியின் மேல் போட்டுக் காயவைக்கிறார், இட்லியில் சோப்பு வாசனை வருகிறது என்று சொன்னால் கோபம் வேறு. முழங்காலுக்கு டாக்டர் தடி வைத்துக்கொள்ளச் சொன்னார், வாங்கிய அன்றே அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார், இப்போது நான் அதில்தான் ஒட்டடை அடிக்கிறேன். எல்வினுக்குக் கம்பெனியில் டீம் மாற்றிவிட்டார்கள், இனிமேல் ஒயிட்ஃபீல்டிலேயே இறங்கிக்கொள்ளலாம், முக்கால் மணி நேரம் மிச்சம், அந்த முக்கால் மணி நேரத்தையும் வீட்டுக்கு வந்து போனுக்குத்தான் கொடுக்கிறான். எனக்கு கார்மென்ட்ஸில் அதே சட்டைக் காலர் செக்கிங், கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது, மற்றபடி குறை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்த தப்பை நீ எல்வின் வாயால் கேட்டாய், என் வாயால் கேட்கவில்லை, அது எனக்குப் பெரிய வெட்கம், அதனால் முதலில் இருந்து நானே சொல்கிறேன். அக்டோபரில் நீ போன் செய்து, ஜெர்மனி வேலை டிசம்பரோடு முடிகிறது, ஆனால் ஸ்வீடனில் கிருனா என்ற ஊரில் ஆராய்ச்சி வேலைக்கு என்னை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாய். ரெண்டு வருஷத்துக்குத்தான்மா, அதுக்கு மேல உறுதி கிடையாது என்றும் தெளிவாகத்தான் சொன்னாய். என் காதில் நன்றாகவே விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரோடு வைக்கும் சீட்டில், மகள் டீனாவுக்கு வெளிநாட்டில் விஞ்ஞானி வேலை பெர்மனென்ட் ஆனதற்காக என்று என் கையாலேயே எழுதினேன். பேனா அந்த இடத்தில் தயங்கக்கூட இல்லை. ஏனென்றால் முன் பெஞ்சில் வின்னி அக்கா உட்கார்ந்திருந்தார். உனக்குத்தான் தெரியுமே, ஏழு வருஷமாக அவர் திரும்பிப் பார்த்து என்னைக் கேட்கும் ஒரே கேள்வி, டீனா இன்னும் படிச்சிகினுதான் கீறாளா என்பது. அவர் மகள் ஆஷ்லிக்கு பேங்கில் பெர்மனென்ட். நம் ஊரில் என்ன வேலை என்று யார் கேட்கிறார்கள், பெர்மனென்டா என்றுதான் கேட்கிறார்கள். நானும் ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். செயலாளர் ஹரோல்ட் அண்ணன் அதை மைக்கில் கணீரென்று வாசித்தார், போதகர் ஐயர் தனியாக ஜெபம் பண்ணினார், வெளியே வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்காத ஆள் இல்லை. வீட்டில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, இன்னாத்துக்கு ஜெயா அப்படி எழுதுன என்று மட்டும் கேட்டார். நான் குக்கரை வைக்கப் போய்விட்டேன். அடுத்த வாரமே ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள், பெர்மனென்ட் என்றால் பையனையும் அங்கே கூட்டிக்கொள்வாளா என்று. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை நீ கூப்பிட்டாய். பெங்களூரு சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று பெர்மனென்டாகவே வேலை தருகிறது, கிருனாவுக்கு வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன் என்றாய். உன் வார்த்தை பொய்யாக வேண்டாம்மா, நான் ஊருக்கே வந்து பெர்மனென்ட் ஆயிடறேன் என்றாய். மறைக்காமல் சொல்கிறேன் கண்ணு, அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ துள்ளிக் குதித்தது. தப்பு செய்த எனக்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. மறுநாளே லீவு போட்டு உன் அறைத் திரைகளைத் துவைத்தேன், இந்த மழையில் யாராவது திரை துவைப்பார்களா, துவைத்தேன். நீ எந்த ரயிலில் போய் எந்த ரயிலில் வருவாய், டிபன் பாக்ஸில் என்ன கட்டுவது என்று அப்பாவிடம் நானே பேசிக்கொண்டே இருந்தேன். எல்வின்தான் சனிக்கிழமை சாப்பாட்டின் நடுவே போனைக் கீழே வைத்தான், அவன் போனைக் கீழே வைத்தாலே பயமாக இருக்கும். ஏழு வருஷமா அந்த நிலாவையே புடிச்சிகினு இருந்தா, நீ எழுதுன ஒரு சீட்டுக்காக அத்த வுட்டுடணுமா, கேக்க நல்லாவா இருக்குது என்றான்.

அப்புறம் அவனையே கூப்பிட்டு உட்காரவைத்து, உன் வேலையை எனக்குச் சொல்லிக்கொடு என்றேன். நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், நான்தான் உம் உம் என்று கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்திருக்கிறேன். வியாழனைச் சுற்றும் நிலாக்கள் பனிக்கட்டியால் மூடியவை என்றும், வியாழனிலிருந்து வேகமாக வரும் துகள்கள் அந்தப் பனியில் மோதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறவைக்கின்றன என்றும், அப்படிச் சிதறியதில் கனிமீடு என்ற பெரிய நிலாவைச் சுற்றி இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் அளவுக்கு மெல்லிய காற்று நிற்கிறது என்றும், அது எவ்வளவு என்றுதான் நீ கணக்குப் போடுகிறாய் என்றும் சொன்னான். ஐரோப்பாக்காரர்கள் அனுப்பிய விண்கலம் இப்போது அங்கே போய்க்கொண்டிருக்கிறது, இரண்டாயிரத்து முப்பத்தொன்றில் போய்ச் சேரும் என்றான். எனக்கு உடனே கோபம் வந்தது. கப்பல் போய்ச் சேர இன்னும் ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகும், இவளுக்கு வேலை ரெண்டு வருஷம், அப்படியென்றால் இவள் சமைத்து வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும், பந்தியில் உட்காருவது வேறு யாரோவா என்று கத்தினேன். முன்பு ஒருநாள், வேலை முடிந்துவிட்டால் உன் கணக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, நான் இல்லாவிட்டாலும் என் கணக்கு அங்கே இருக்கும்மா என்று சொன்னாய், அன்றைக்கு அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், பத்தொன்பது வருஷமாக நான் காலர் செக் பண்ணி அனுப்பிய சட்டைகளை யார் போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, அதற்காக ஒரு காலரைக்கூடக் கோணலாக விட்டதில்லை. ஆனாலும் அநியாயம் அநியாயம்தான், படித்த பிள்ளைகளை இப்படி ரெண்டு வருஷம் மூணு வருஷம் என்று ஊர் ஊராக ஓடவைப்பவர்களை நேரில் பார்த்தால் நான் கேட்காமல் விடமாட்டேன்.

அப்பா சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அவர் தானாக எழுதமாட்டார். என்னய பதினெட்டு வருஷம் பெர்மனென்ட் பெர்மனென்ட்னு சொல்லிகினே இருந்தாங்க, அப்பறம் ஒரு நோட்டீஸ் ஒட்டி மைன்ஸை மூடிட்டாங்க, எம்பொண்ணுக்கு ரெண்டு வருஷம்னு முன்னாடியே மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க, அதுல ஒரு மரியாதை கீது என்றார். கிருனாவும் சுரங்க ஊர்தான், அங்கே இரும்பு, தோண்டித் தோண்டி ஊரே விரிசல் விடுகிறது என்று ஊரையே நகர்த்துகிறார்களாம், இந்த ஆகஸ்டில் மரத்தால் கட்டிய பெரிய சர்ச் ஒன்றை அப்படியே சக்கரத்தில் ஏற்றி ரெண்டு நாள் ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம். எல்வின் வீடியோ காட்டினான். அப்பா மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பரவால்ல, வெவரமான ஊருதான், அனுப்பலாம் என்றார். டிசம்பரில் மூன்று வாரம் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை என்று நான் பயந்தேன், அதற்கும் பதில் வைத்திருக்கிறார், ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்குனா நாங்க மட்டும் சூரியனைப் பாத்துகினா இருந்தோம் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஹரோல்ட் அண்ணனிடம் போய், அந்தச் சீட்டில் எழுதியது தப்பு, திருத்தி வாசியுங்கள் என்றேன். காணிக்கைச் சீட்டுக்குத் திருத்தம் படிக்கிற வழக்கம் நம்ம சர்ச்ல இல்லீங்களே சிஸ்டர் என்றார். சரி, அப்படியானால் சபையார் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் நானே சொல்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன். நேரம் வந்ததும் எழுந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். என் மகளுக்குக் கிடைத்தது ரெண்டு வருஷ வேலை, பெர்மனென்ட் இல்லை, அவள் உண்மையைத்தான் சொன்னாள், பெருமைக்காக நான்தான் பொய் எழுதி ஆண்டவர் முன்னால் வைத்தேன், அவள் தலைகுனியும்படி எதுவும் செய்யவில்லை, குனிய வேண்டியது நான் என்றேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கத்திலிருந்து தன் கைக்குட்டையைத் தள்ளினார், அது அந்த இட்லிப் பானை மூடியில் காய்ந்ததுதான், வாசனையே சொல்லிவிட்டது, எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் வின்னி அக்கா நேராக என்னிடம் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் கேட்டது வேறு. அந்த நிலாவுல காத்து கீதா, ஜெயா என்றார். மூச்சு வுடற அளவுக்கு இல்லக்கா என்றேன். அப்பறம் இன்னாத்துக்கு அத்த அளக்கணும் என்றார். பனிக்கு அடியில் கடல் இருக்கிறதாம், மேலே இருக்கும் காற்றைப் பார்த்தால் கீழே இருக்கும் பனி எப்படிப்பட்டது என்று தெரியுமாம் என்று எல்வின் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவருக்கு முழுக்க விளங்கவில்லை, எனக்கும்தான். ஆனால் குடையைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். ஏழு வருஷத்தில் நம் ஊரில் ஒருவர் நீ என்ன செய்கிறாய் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மாப்பிள்ளை வீட்டார் அதற்கப்புறம் போன் செய்யவில்லை, தொல்லை விட்டது.

பங்காரப்பேட்டை எப்போதோ தாண்டிவிட்டது, மாலூரும் வரப்போகிறது, முடிக்கிறேன். உனக்கே அந்த வேலை வேண்டாம், முப்பத்துமூன்று வயதில் இன்னொரு புது ஊர், புது மொழி, இனி என்னால் ஓட முடியாது என்று தோன்றினால் வந்துவிடு மகளே, திரை துவைத்துத்தான் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் என் பொய்யை உண்மையாக்குவதற்காக வராதே. அந்தப் பொய் ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்தது, அதற்கு நீ கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. ரெண்டு வருஷம் கழித்து என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, தெரியாமலே ஒரு வேலையை ஆசையாகச் செய்யலாம் என்று உன்னைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். போவதென்றால் நல்ல கம்பளி பூட்ஸ் வாங்கு, காலை வெறும் பிஸ்கட்டில் ஓட்டாதே, ஒரு பிரஷர் குக்கர் கொண்டுபோ, அங்கே ஒரு ஜெபக்கூட்டம் எங்கே என்று விசாரி, இருட்டு மாதத்தில் தினமும் யாரோடாவது பேசு, யாரும் கிடைக்காவிட்டால் அப்பாவைக் கூப்பிடு, அவர் பேசமாட்டார், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பார்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் பார்த்துக்கொள்வாராக, உன் கண்ணுக்கும் கைக்கும் பலம் தருவாராக, உன்னை விட்டு விலகாதிருப்பாராக. அப்பாவின் முத்தமும் எல்வினின் அன்பும் இதோடு வருகின்றன. ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை கிருனாவுக்குச் சரி என்று எழுதினால், உடனே எனக்குப் போன் செய்து சொல். நான் அழுவேன். எவ்வளவு நேரம் அழுதாலும் சரி, அதைக் கேட்டு மனதை மாற்றிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயசீலி இன்பராஜ்