முக்குளிப்பான் பாறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ‘இங்கு யாவரும் நலம்’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். உன் மூன்று கடிதங்களும் வந்தன. கடல் வரைபட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறீர்களே, அவருக்காக ஒருவரிடமாவது பேசக் கூடாதா என்று மூன்றிலும் கேட்டிருந்தாய். பதில் எழுதக் கை வரவில்லை. இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

முதலில் மாப்பிள்ளை. வியாழக்கிழமை சிறையில் பார்த்தேன். இளைத்துவிட்டார். இடது கையில் கட்டு. படகில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். காவலர் பக்கத்திலேயே நின்றார், நானும் நம்பினவன்போல் தலையாட்டினேன். ஐந்து வருடத் தண்டனை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டது வேறு. “மாமா, அந்தப் பாறை இந்த மூணு வருஷத்துல வளந்துடுச்சா? உங்க படத்தப் பாத்துத்தான் வலை போட்டேன். கோட்டுக்கு வெளியதான் இருந்தேன்.” தான்தான் எங்கோ கணக்குத் தப்பிவிட்டதாக நினைத்து மனிதர் உருகிக்கொண்டிருக்கிறார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணத்துக்கு நான் பரிசாகக் கொடுத்த வரைபடம் அது. அதில் ஒரு பிழையும் இல்லை, மகளே. பிழை அதற்குப் பிறகு நான் வரைந்ததில்.

நம் விரிகுடாவின் வாய் இருபத்தாறு கடல் மைல் அகலம். வாயைக் கோடு போட்டு மூடி, உள்ளே இருப்பதெல்லாம் என் வீட்டுத் தண்ணீர் என்று ஒரு நாடு சொல்லலாம்; ஆனால் அந்தக் கோடு இருபத்து நான்கு மைலைத் தாண்டக் கூடாது. சர்வதேசச் சட்டம் அது. தாண்டினால் கோட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டும். பழைய படத்தில் அப்படித்தான் போட்டிருந்தேன். அங்கிருந்து பன்னிரண்டு மைல் எங்கள் நாட்டுக் கடல். அதற்கு அப்பால் நீ வாழ்க்கைப்பட்ட நாட்டுப் படகுகளும் மீன் பிடிக்கலாம் என்பது ஒப்பந்தம். மாப்பிள்ளை நின்றது அந்த அப்பாலில்.

விரிகுடா வாயில், கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனையை நோக்கி இரண்டு மைலில் ஒரு பாறை உண்டு. கடல் வற்றும்போது தலை காட்டும், ஏறும்போது முங்கிவிடும். அலுவலகத்தில் அதற்கு முக்குளிப்பான் என்று பெயர். முங்கும் பாறைக்குப் புள்ளிக்கோடு, முங்காததற்கு முழுக்கோடு. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. முங்காதது என்று காட்டிவிட்டால் அது தீவு, தீவிலிருந்தே கோட்டைத் தொடங்கலாம், அகலம் இருபத்து நான்காகிவிடும் என்பது மேலதிகாரியின் யோசனை. “ஒரு பாறைதானே, நனையாம இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். பெயர் காட்டிக்கொடுக்கும் என்று அதையும் மாற்றச் சொன்னார். முக்குளிப்பான் நிலைத்தீவு ஆயிற்று. மற்றவர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நாங்கள் இல்லாத பூசணிக்காயைச் சோற்றிலிருந்து எடுத்துக் காட்டினோம். பதினோரு புள்ளிகள். நான்தான் இணைத்து முழுக்கோடாக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லைக்கோடு வெளியே நகர்ந்தது, மாப்பிள்ளை வலை போடும் இடம் எங்கள் நாட்டுக் கடலுக்குள் வந்துவிட்டது.

அந்த மையில் உன் வீட்டுக்காரர் சிக்குவார் என்று நினைக்கவில்லை. யாரோ சிக்குவார்கள் என்று தெரியும். தெரிந்தும் வரைந்தேன்.

இன்னும் இருக்கிறது. வழக்கில் மாப்பிள்ளை என் படத்தை நீட்டி, மாமனார் வரைந்தது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, பழைய படத்தில் புள்ளிக்கோடு போட்டது என் கவனப்பிழை என்று எழுதித் தரச் சொன்னார். பட விவகாரம் முடிந்தால் மாப்பிள்ளையை எச்சரித்து அனுப்பிவிடுவார்கள் என்றார். நம்பினேன். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருப்பதும் நினைவில் இருந்தது; அதை மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அதை வைத்துத்தான் ஐந்து வருடம் கொடுத்தார்கள்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு வேளையில் தட்டு ‘டங்’ என்று வந்து விழும், அவ்வளவுதான். நேற்று மட்டும் என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துக் கதவில் மாட்டியிருந்தாள். மேல்முறையீட்டு விசாரணை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி. போகப் போகிறேன். முதல் படம் சரி, இரண்டாவது பொய், கையெழுத்தும் பொய் என்று சொல்லப் போகிறேன்.

வெறும் வாய்ச்சொல் எடுபடாது என்கிறார் வக்கீல். அந்தப் பாறையை அளந்த புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது என்கிறது அலுவலகம். இரும்பு அலமாரிக்குள் எந்தக் கரையான் போயிற்றோ. ஆனால் அளவுத்தாள்களின் கார்பன் நகல்களை நீ படம் வரைய வீட்டுக்குக் கொண்டுவருவேன், நினைவிருக்கிறதா? கூட வருவேன் என்று அடம்பிடித்துப் படகில் வந்த அன்று, பாறைக்குச் சிவப்புத் தொப்பி போட்டு, கடலுக்கு மேல் தொப்பி மட்டும் தெரிகிற மாதிரி வரைந்தாய். ‘முக்குலிப்பான்’ என்று தப்பாக எழுதினாய். அதன் பின்பக்கம் என் கையெழுத்திலும் படகு அதிகாரியின் கையெழுத்திலும் இருக்கிறது: உச்ச ஏற்றத்தில் பாறைக்கு மேல் நான்கு அடி நீர். கல்யாணமாகிப் போகும்போது உன் தகரப் பெட்டியில் எடுத்துப் போனாய்.

அந்தத் தாள் வேண்டும். எனக்கு அனுப்பாதே, இங்கே என் தபாலைப் பிரிக்கிறார்கள்; இதையே தெரிந்த மாலுமியிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையில் இருக்கும் வக்கீல் முகவரிக்கு அனுப்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சின்ன வயதிலிருந்து நீ எனக்காகப் பரிந்து பேசுகிறவள். அப்பாவுக்கு என்ன ஆகும் என்று பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிப்பாய். யோசிக்காதே. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளை தின்னவில்லை.

அவர் உன் வாசலில் வந்து நிற்கிற நாள் வரட்டும். அந்தக் கை நன்றாகக் கூடட்டும். பாறை வளரவில்லை என்று அவரிடம் நீ சொல். அனுப்புமுன் அந்தப் படத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள், கண்ணே; கோர்ட்டுக்குள் போனது திரும்பி வராது.

உன்
அப்பா