கவுண்டரில் அடித்த ஷாக்

2014 ஜூலை 9, புதன்

நியூ லின் உடுப்புக்கடையில் இன்றுதான் முதன்முதலாக என்னைக் கவுண்டரில் நிற்க விட்டார்கள். மிச்சக்காசு கொடுக்கும்போது என் விரல் பட்டு ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்தது. அவள் கத்திவிட்டாள்.

"என்ன பிள்ளை செய்தனி?" கடைக்கார அன்ரி ஓடி வந்தார்.

அதே கடையில் வேலை செய்யும் தர்சினியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே சிநேகிதி. இந்த நாட்டு ஜூலைக் குளிருக்கு ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துவிடும், கார்ப்பெட்டில் நடக்க நடக்க உடம்பில் மின்சாரம் சேரும், யார் தொட்டாலும் அடிக்கும் என்று போன கிழமை சொல்லித்தந்தவளே அவள்தான்.

"இவளைத் தொட்டா அப்பிடித்தான் அன்ரி. பின்னுக்கு விடுங்கோ, நான் நிக்கிறன்," என்று சிரித்தாள்.

பின்னேரம் முழுக்க ஸ்டோர் ரூமில் பெட்டி பிரித்தேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் தர்சினி என் கையைப் பிடித்து, "கோவமோடி?" என்றாள். அவளுக்கு ஒரு தரமாவது அடிக்காதா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கோபமில்லை என்றேன்.