இரண்டாம் குரல்

அக்கா,

பீரோவைத் துடைக்கையில் நீ அனுப்பிய பிஸ்கட் டப்பா கையில் வந்தது. திறந்தால் இன்னும் வெண்ணெய் வாசனை. உள்ளே அந்தக் கேசட். மேலே உன் எழுத்தில் 'ஞாயிறு ஆராதனை'.

யுத்தம் முடிந்த பிறகு சீமை ஆஸ்பத்திரிகளில் ஆள் போதவில்லை என்று நர்சுகளைக் கூப்பிட்டார்களே, அதில் போனவள் நீ. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் உன் கடிதங்களைப் படித்துத்தான் எழுதப் பழகினேன். வாடகை அறை கேட்டால் உன் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள் என்பது எந்தக் கடிதத்திலும் இல்லை. கோயில் பெரிது, பாட்டு கூரையைத் தூக்கும் என்றே எழுதினாய். இங்கே மலையாள தேசத்துப் பாளையத்தில் எங்கள் பெண்கள் கூட்டத்தில் அதை உரக்க வாசிப்பேன்.

"நமக்கு வேதம் தந்த நாடுல்லா! அந்தப் பாட்ட ஒருக்கா கேக்கணுமே" என்றார்கள். நான்தான் கேசட்டில் பிடித்து அனுப்பச் சொல்லி எழுதினேன்.

வந்ததும் எல்லாரையும் கூட்டி வைத்துப் போட்டேன். ஆர்கனும் உன் ஒற்றைக் குரலும் மட்டும். அதுவும் ராகத்தை விட்டுவிட்டு, அடியில் ஓடும் இரண்டாம் குரல். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவமானம். கிறிஸ்துமஸுக்கு நீ போன் செய்தபோது கேட்டேன்.

"எக்கா, கோயில்ல பிடிக்கச் சொன்னா வீட்டுல இருந்து பாடி அனுப்பிட்டியே? பாட்டும் தப்பு!"

நீ சிரித்தாய். "சவத்த விடு புள்ளே. அடுத்த மட்டம் நல்லா பிடிச்சு அனுப்புதேன்."

பிறகு கேசட் வரவே இல்லை.

உன்னை அடக்கம் செய்த பிறகு உன் மகள் இங்கே வந்தாள். அவளிடம் இதைச் சொன்னேன். "வீடு இல்ல சித்தி, சர்ச்தான். அன்னைக்குப் பெஞ்சுல அம்மாவோட ஆறு பேர். அஞ்சு பாட்டிங்க வாய் மட்டும் அசைச்சாங்க. மத்தவங்க சண்டேன்னா கார் கழுவுவாங்க. இப்ப அது கார்பெட் கடை."

முதலில் போனபோது உன் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். பிறகு உட்கார ஆளே இல்லாமல் போயிற்று. ஒன்றையும் நீ எழுதவில்லை. என் கூட்டத்தில் என் தலை தாழக் கூடாதென்றுதானே?

சின்ன வயதில் ராகம் என்னுடையது, இரண்டாம் குரல் உன்னுடையது. அங்கே ராகம் பாட ஒருவரும் இல்லாதபோதும் நீ உன் பங்கைத்தான் பாடியிருக்கிறாய்.

இங்கே நம் தமிழ் ஆராதனையிலும் இப்போது பாதிப் பெஞ்சு காலி. பேரப்பிள்ளைகள் போனில் மலையாளத்தில் ஜெபிக்கிறார்கள். ஆறரை மணி ஜெபத்துக்கு வீட்டில் நான் ஒருத்திதான்.

இன்று அந்த நேரத்தில் கேசட்டைப் போட்டேன். உன் இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்கு வாயில் நுழையாது. நம் தமிழிலேயே ராகத்தை எடுத்தேன். இரண்டாம் சரணத்தில் பாடாமல் நின்றுவிட்டேன். நீ நிற்கவில்லை. அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொண்டேன்.