கிழங்கான் பிடிக்கப் போன நாள்

தாழம்பட்டினம்,
தொண்டி வழி,
14-10-1962.

என் மரியாதைக்குரிய அண்ணன் காளிச்சாமி அவர்களுக்கு,

தங்கை மாரியாத்தாள் கும்பிட்டு எழுதும் கடுதாசி. நான் சுகமாக இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் படிக்கும்போது உங்களுக்குப் பதற்றம் வரும். அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒருதரம் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

அன்னூர்ப் பக்கம் இன்னும் மழை இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பருத்தி வாடாமல் இருக்க வேண்டும். புது மோட்டார் நன்றாகத் தண்ணீர் எடுக்கிறது என்று தெரிந்து சந்தோஷம். இங்கே பார்க்கிற இடமெல்லாம் தண்ணீர்தான், ஆனால் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஊருக்கு வெளியே மணலைத் தோண்டிக் காத்திருக்க வேண்டும். அதை மட்டும்தான் இன்னும் பழக முடியவில்லை. மற்றபடி பிரசவ விடுதியை ஒட்டிய அறை காற்றோட்டமாக இருக்கிறது. ஊரார் என்னை நர்சம்மா என்று கூப்பிடுகிறார்கள். உங்கள் சம்சாரத்தை நான் நங்கை என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். இங்கே அண்ணன் மனைவி மதினியாம். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று இங்குள்ள பெண்கள் எழுதச் சொன்னார்கள். நங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்மூர் சென்னகேசவன் வாத்தியார் தேவகோட்டைக்கு மாற்றலாகி வந்திருக்கிறார் அல்லவா, அவர் போன வாரம் தொண்டிக்கு வந்தபோது யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். விடுதிக்கே வந்து விசாரித்தார். ஊருக்கு எழுதப் போவதாகச் சொன்னார். அவர் எழுதுவதற்கு முன்னால் என் கையாலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஊரில் அப்துல் நாசர் என்று ஒரு மீன்பிடிக்காரர். சொந்தமாக ஒரு சின்னத் தோணி வைத்திருக்கிறார். பாய் கிடையாது, துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆளுக்கு இடமில்லை. அவர் மனைவி செய்யதம்மாளுக்கு ஆடி மாதக் கடைசியில் தலைப்பிரசவம். பிள்ளை கால் திரும்பி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து வண்டி கிடைக்கவில்லை. கோயமுத்தூரில் படித்ததையெல்லாம் நினைவில் கொண்டுவந்து, பயத்தை முகத்தில் காட்டாமல் கூடவே இருந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பையனுக்கு மீரான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதிலிருந்து அந்த வீட்டிலிருந்து எனக்கு மீன் வராத நாளே இல்லை. ஒருநாள் நாசர் வாசலில் நின்றபடியே கேட்டார், இத்தனை நாள் கடற்கரையிலேயே இருக்கிறீர்களே, ஒருநாளாவது கடலுக்குள் வந்து பார்க்க வேண்டாமா என்று. எனக்கு ஆசைதான். ஆனால் தனியாக எப்படிப் போவது என்று தயங்கினேன். உள்ளேயிருந்து செய்யதம்மாள், நர்சம்மா போனால் நானும் வருவேன் என்றாள். அவள் இந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா கடலுக்குப் போனார், அண்ணன் போனார், இப்போது புருஷன் போகிறார். அவள் மட்டும் ஒருநாள்கூடத் தோணியில் கால் வைத்ததில்லையாம். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் குளித்து முடியட்டும், போகலாம் என்று நாசர் சொன்னார். முடிந்த பிறகு, புரட்டாசியில் காற்று ஓய்ந்த ஒரு காலையில், பிள்ளைக்குப் பாலூட்டி மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அண்ணா, அந்தக் காலை நேரத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்குப் பாக் விரிகுடா என்று பெயர் படித்தோம். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, கடல் என்பார்கள், அவ்வளவுதான். அலையே இல்லை. நல்ல தூரம் போன பிறகும் அடியில் தரை தெரிகிறது. தண்ணீருக்குள் புல் வளர்ந்திருக்கிறது. காற்றுக்குக் கம்பங்காடு சாய்வதுபோல அந்தப் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. செய்யதம்மாள் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தபடியே வந்தாள். கரையைத் திரும்பிப் பார்த்து, நம் வீடு இவ்வளவு சின்னதா என்று புருஷனிடம் கேட்டாள்.

புல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் நாசர் கல்லை இறக்கித் தோணியை நிறுத்தினார். ஆளுக்கொரு தூண்டில் நூலைக் கையில் கொடுத்தார். கழி கிடையாது. இறாலைக் கோத்து இறக்கிவிட்டு நூலை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கிழங்கான் என்று விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக ஒரு மீன். அது கடிக்கும்போது, உள்ளங்கையில் தானியம் வைத்துக் கோழிக்கு நீட்டினால் கொத்துமே, அப்படி இருக்கிறது. எனக்கு முதலில் ஒன்றும் சிக்கவில்லை, இறாலை மட்டும் தின்றுவிட்டுப் போயின. செய்யதம்மாள் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் இந்தக் கையை வீட்டில் வைத்து வீணாக்கிவிட்டேனே என்று நாசர் சொல்லவும் அவள் சிரித்தாள். அப்புறம் எனக்கும் கை பழகியது. கூடை பாதிக்கு மேல் வந்தது. அவர் (உங்கள் மச்சானைத்தான் சொல்கிறேன்) தவறிப்போன பிறகு நான் இப்படி ஒரு காலைப்பொழுதைக் கழித்ததில்லை. அன்றைக்குச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நேரம் போனது தெரியவில்லை. நாசர்தான் முதலில் பார்த்தார். கரைப் பக்கம், பனைமரங்களுக்கு மேலே, வானம் கறுத்திருந்தது. உடனே கல்லைத் தூக்கித் துடுப்பை எடுத்தார். ஆனால் மழைக்கு முன்னால் காற்று வந்துவிட்டது. தோணி பக்கவாட்டில் திரும்பியது. ஒரு அலை உள்ளே ஏறவும் செய்யதம்மாள் பயந்து என் பக்கம் சாய்ந்தாள். அவ்வளவுதான், தோணி கவிழ்ந்துவிட்டது.

மேலே வந்து பார்த்தபோது தோணி குப்புறக் கிடந்தது. நாசர் அதற்கு அந்தப் பக்கம் இருந்தார். தோணியைக் காற்று இழுத்துக்கொண்டு போகாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தோணியை விட்டுவிட்டால் மூன்று பேருக்கும் பிடிக்க ஒன்றுமில்லை, பிடித்துக்கொண்டிருந்தால் அவளைத் தேட முடியாது. இந்தப் பக்கம் அவள் தலை ஒருமுறை தெரிந்தது, உடனே உள்ளே போனது. எனக்குச் சேலை காலில் சுற்றிக்கொண்டது. அதை உருவி விட்டுவிட்டேன். கூச்சப்பட நேரமில்லை. மூழ்கிப் போய் அவள் முடியைப் பிடித்தேன். அவள் திரும்பி என் கழுத்தைக் கட்டப் பார்த்தாள். நான் பின்பக்கமாகப் போய், கக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்து மேலே தூக்கிக்கொண்டு வந்தேன். தோணியைச் சுற்றிப் போய் நாசரின் பக்கம் அவளைத் தள்ளினேன். அவர் ஒரு கையால் வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் தோணியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். மழை முகத்தில் அடித்தது. அவள் தண்ணீரைக் கக்கிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"நர்சம்மா, புள்ள பசிச்சு அழுவானே."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. அழட்டும், போய்ப் பால் கொடுக்கலாம், பிடியை விடாதே என்று அதட்டினேன். காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு மணல்திட்டில் சேர்த்தது. கால் தரையில் பட்டபோது நாசர் அழுதார். மழை விட்டதும் ஊரிலிருந்து தோணிகள் தேடி வந்தன. அதற்குள் நாசர் தன் சட்டையைக் கழற்றி என் பக்கம் பார்க்காமலே நீட்டினார். கரையில் பெண்கள் ஓடிவந்து என்னை மறைத்து நின்று செய்யதம்மாளின் சேலை ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். பச்சையில் சிவப்புக் கட்டம் போட்ட கண்டாங்கி. மறுநாள் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று செய்யதம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வெள்ளைச் சேலை எந்தக் கரையில் ஒதுங்கியதோ தெரியாது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அண்ணா, முடியைப் பிடி, முன்னால் போகாதே, கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போவீர்கள் என்று எனக்குச் சொன்னது யார்? நம் தோட்டத்துக் கிணற்றில் என் முதுகில் மிதப்பதற்குக் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி நீங்கள்தான் தள்ளிவிட்டீர்கள். பொட்டப்புள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று அம்மா மேட்டில் நின்று ஏசிக்கொண்டிருந்தாள். நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த நாள் புருடையை அவிழ்த்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதுவரை நாம் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் போன அந்த வருஷம் அம்மா என்னைக் கிணற்றுப் பக்கம் விடவில்லை. நான் தண்ணீர் எடுக்கப் போனாலும் யாரையாவது பின்னால் அனுப்புவாள். ஒருநாள் நீங்கள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அவளுக்கு நீச்சல் தெரியுமுங்கம்மா. கெணறு அவளை ஒண்ணும் பண்ணாது. ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்தாத்தான் செத்துப் போயிருவா."

அந்த வாரமே சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் படிப்பில் சேர்த்தீர்கள். கவுண்டர் வீட்டுப் பெண் பிரசவம் பார்க்கப் போவதா என்று பங்காளிகள் உங்களை இன்னும் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒருநாளும் அதை எழுதியதில்லை. கடலில் தொங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு உயிர்மேல் எவ்வளவு ஆசை என்று தெரிந்துகொண்டேன். எனக்கே புதிதாக இருந்தது. அந்த ஆசையை அந்த வருஷத்தில் என்னிடமிருந்து போய்விடாமல் காத்துக் கொடுத்தவர் நீங்கள். இதற்கு நன்றி என்று எழுதினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். எழுதத்தான் செய்வேன்.

செய்யதம்மாள் நலம். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். நாசருக்குத் துடுப்பு ஒன்று போனது, வேறு செய்துகொண்டார். இப்போது செய்யதம்மாள் முழங்கால் ஆழத் தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துப் பழகுகிறாள். கூட இன்னும் இரண்டு பெண்கள் வருகிறார்கள். பெரியவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஆண்கள் யாரும் போகக்கூடாது என்று அவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடைசிக் கடுதாசியின் ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி எழுதினதுபோல, மகள் பழனாத்தாள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், சீர் நன்றாக நடந்தது, இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சீருக்கு வர முடியாததில் எனக்கு வருத்தம்தான். வெள்ளைச் சேலைக்காரி வந்து முன்னால் நிற்க வேண்டாம் என்று எனக்கு யாரும் எழுதவில்லை, நானாகத்தான் லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். அது போகட்டும். பள்ளிக்கூடம் போவதில்லை என்று எழுதியவர் யார் என்று நானும் கேட்கவில்லை. கையெழுத்து உங்களுடையது, பேச்சு அம்மாவுடையது.

மார்கழி லீவுக்கு அவளை என்னிடம் அனுப்பி வையுங்கள், அண்ணா. மதுரை வரைக்கும் நீங்கள் கொண்டுவந்து விட்டால் போதும், அங்கே நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். லீவு முடிந்ததும் நானே கொண்டுவந்து பள்ளிக்கூடத்து வாசலில் விடுகிறேன். அம்மா சத்தம் போடுவாள். நங்கை அழுவாள். பங்காளிகளுக்குப் பேச இன்னொன்று கிடைக்கும். எல்லாம் நீங்கள் ஏற்கெனவே ஒருதரம் தாங்கியதுதான். வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருத்தியைக் கையைப் பிடித்து எழுப்பி அனுப்பியவர் நீங்கள். இன்னொருத்தியை உட்கார வைத்துவிடாதீர்கள்.

உங்கள் காட்டில் மழை பெய்யட்டும். கொடுக்கிற உங்கள் கை எப்போதும் மேலே இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
மாரியாத்தாள்.