நாம் என்று சொல்லிவிட்டேன்

12.8.2007, ஞாயிறு. முதுநகர்.

யாரும் நம்பாத கதையொன்றை எழுதப்போகிறேன், சத்தியம். இன்று சர்ச்சில் வெள்ளைக்காரப் பாதிரியாரின் பேச்சைத் தமிழில் சொன்னேன். பத்தாயிரம் பேர் கூட்டம். என் குரலுக்கு மணி தானாகவே அடித்தது. அவர் நாட்டுத் துணிகளுக்கு இங்கே சாயம் காய்ச்சித்தான் நம் ஆறு கெட்டதாம். தன் நாடு பட்ட அந்தக் கடனுக்கு மன்னிப்புக் கேட்டார். அவர் இங்கிலீஷில் சொன்ன "வீ"யை நான் "நாங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். "நாம் பாவம் செய்தோம், நாம் கடன்பட்டோம்" என்று முழங்கிவிட்டேன்.

ஆற்றில் மீன் செத்துப் பிழைப்பிழந்த செல்வி எழுந்தாள். "நாமன்னா நானுமா, மாமா?"

தப்பு உடனே புரிந்தது. திருத்தினால் என் இங்கிலீஷ் மானம் போய்விடும். "எல்லாருந்தாம்மா" என்றேன்.

"என்னா பண்ணேன்னு தெரியில சாமி, மன்னிச்சிடு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பத்தாயிரமும் மணியும் என் சரடு. அவள் மன்னிப்புக் கேட்டது மட்டும் நிஜம்.